கோதாவில் யார் கை, யார் கால்?



கதை எழுதும் இளைஞர் கூட்டம் நம்மிடையே பெருகி வருகின்றது. அவர்கள் எழுதி நமக்குக் காட்டும் கதைகளில் அண்மைக் காலமாக மற்போர்க் கதைகள் மிகுந்து காணப்படுகின்றன. பெங்களூருவில் பிறந்து, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் கற்று, தமிழை வீட்டிலும் விடுமுறை நாள் வகுப்பிலும் பயின்ற பிள்ளைகள் தாமாகவே தமிழில் ஒரு கதை எழுத முன்வருவது சிறிய செய்தியன்று. ஆதலின் அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் எதுவாயினும் அதனை மதித்து, அதற்கு வேண்டிய துணையைச் செய்வது நம் கடமையாகும்.

ஆயினும் அக்கதைகளைப் படிக்கும்போது ஓரிடத்தில் நாம் தவறாமல் தடுமாறி நிற்கின்றோம். வீரனின் அறிமுகம் நன்றாக இருக்கின்றது. அவன் வீட்டு வறுமையும் தாயின் கவலையும் உள்ளத்தைத் தொடுகின்றன. எதிரியின் செருக்கு சினமூட்டுகின்றது. இருவரும் கோதாவில் இறங்கியதும் எல்லாம் புகைமூட்டமாகி விடுகின்றது. “அவன் அவனுடைய காலைப் பிடித்தான். அவன் திமிறினான். உடனே அவன் தன் புகழ்பெற்ற பிடியைப் போட்டான். அவன் விழுந்தான்” என்று எழுதிவிட்டு வெற்றி முழக்கத்துக்குப் போய்விடுகின்றனர். விழுந்தவன் யார், வீழ்த்தியவன் யார், அந்தப் புகழ்பெற்ற பிடிதான் யாது என்று கேட்டால், எழுதியவர் எழுந்து நின்று கையையும் காலையும் வீசிச் செய்து காட்டுகின்றார். செய்து காட்டும்போது நமக்கு விளங்குகின்றது, எழுத்தில் விளங்கவில்லை. கதையோடு கூட ஆசிரியரும் வீடு வீடாகச் சென்று செய்து காட்ட இயலாதன்றோ? இத்திங்கள் இதைப் பற்றியே பேசுவோம்.

மற்போரை எழுத்தில் காட்டுவது தமிழுக்குப் புதிய தொழில் அன்று. 1894ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து நமக்கு அளித்த புறநானூற்றில் 80ஆம் பாட்டை எடுத்துக்கொள்க. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழர் குலத்து இளைஞன் ஆமூரில் வலிமை மிக்க மல்லன் ஒருவனைப் பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடியிருக்கின்றார். பாட்டு ஒன்பதே அடி. அவன் ஒரு கால் மல்லனின் மார்பின்மேல் இருந்தது. மற்றொரு கால் மல்லன் செய்ய முயன்ற உபாயத்தைத் தடுத்து முதுகுப்புறமாக வளைந்திருந்தது. பசியோடு மூங்கிலைத் தின்ன முயலும் யானையைப் போலத் தலைப்பக்கமும் கால்பக்கமும் ஒருங்கே முறியும்படி அவனை மோதினான். மகனோடு மனம் ஒன்றாத தந்தை தித்தன் இதைக் கண்டு மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, ஒருமுறை கண்டிருக்க வேண்டும் என்பது புலவரின் ஏக்கம்.

இச்சிறு பாட்டில் கதை எழுதுவோர்க்கு வேண்டிய பாடம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. புலவர் “காலால் மடக்கினான்” என்று பொதுப்படச் சொல்லவில்லை. இரண்டு கால்களையும் தனித்தனியே எண்ணினார். ஒவ்வொன்றும் எதிரியின் உடம்பில் எவ்விடத்தில் இருந்தது என்றார். எதிரியும் சும்மா இருக்கவில்லை, அவனும் ஓர் உபாயம் செய்தான், அது தடுக்கப்பட்டது என்று காட்டினார். உவமையையும் அழகுக்காக ஒட்டவில்லை. யானை மூங்கிலை வளைக்கும்போது இரு முனையும் ஒருங்கே வளைகின்றன. மல்லனின் உடம்பும் அவ்வாறே வளைந்தது என்பது அந்த உவமையாலேயே விளங்குகின்றது. இறுதியாக, அந்த வெற்றியை யார் காண வேண்டும் என்பதையும் சொல்லி, ஒரு குஸ்திப் பிடியைத் தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான மனவருத்தத்தோடு பிணைத்துவிட்டார்.

இனி நம் இளைஞர்கள் இடறும் இடங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, உறுப்பின் பெயர். தமிழில் கால் என்னும் சொல் தொடையின் தொடக்கம் முதல் விரல் நுனி வரையில் எல்லாவற்றையும் குறிக்கும். கை என்பதும் அவ்வாறே தோள் முதல் விரல் வரை நீளும். அன்றாடப் பேச்சுக்கு இது போதும், கோதாவுக்குப் போதாது. “காலைப் பிடித்தான்” என்று எழுதினால், கணுக்காலைப் பிடித்து இழுத்தானா, முழங்காலின் பின்புறத்தை அணைத்தானா, தொடையைக் கட்டித் தூக்கினானா என்பது தெரியாது. போதாக்குறைக்கு, மன்னிப்புக் கேட்டு மன்றாடினான் என்றும் அதற்குப் பொருள் உண்டு! வீரன் எதிரியின் காலைப் பிடித்தான் என்று படித்த ஒரு பாட்டியார், “ஐயோ பாவம், அதற்குள்ளே மன்னிப்புக் கேட்டுவிட்டானா?” என்று கேட்டால் அவரைக் குறை கூற முடியாது. பிடரி, தோள், புயம், அக்குள், முழங்கை, மணிக்கட்டு, விலா, இடுப்பு, தொடை, கெண்டைக்கால், கணுக்கால், குதிகால் என்று நம் மொழியில் உறுப்புக்கு உறுப்பு தெளிவான சொற்கள் உள்ளன. இவை எல்லாம் வீட்டில் பெரியோர் நாள்தோறும் சொல்லும் சொற்களே. இடம், வலம் என்பதையும் சேர்த்துக்கொண்டால் படிப்பவர் கண்முன் இரண்டு உடம்புகள் எழுந்து நிற்கும்.

இரண்டாவது, ஆளைக் குறிக்கும் சொல். கோதாவில் இறங்கும் இருவரும் ஆண்களாயின் இருவரும் ‘அவன்’. பெண்களாயின் இருவரும் ‘அவள்’. இக்குழப்பத்தைத் தீர்க்கத் தமிழ் ஒரு நல்ல கருவியைத் தந்திருக்கின்றது. அதுவே ‘தன்’ என்னும் சொல். வினை செய்கின்றவனுடைய உறுப்புக்குத் ‘தன்’ என்றும், மற்றவனுடைய உறுப்புக்கு அவன் பெயரையும் எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை. “தன் இடக்கையால் காளியின் மணிக்கட்டைப் பற்றினான்” என்னும் தொடரில் எந்தக் கை யாருடையது என்று எவரும் கேட்க மாட்டார். பெயரையே திரும்பத் திரும்பச் சொல்வது சலிப்பூட்டுமாயின், இளையவன், தடித்தவன், தாடிக்காரன் என்று போட்டிக்கு முன்பே அறிமுகப்படுத்திய அடையாளம் ஒன்றைப் பயன்படுத்தலாம். சலிப்பைக் காட்டிலும் குழப்பம் கொடியது என்பதை மட்டும் மறத்தலாகாது.

மூன்றாவது, வாக்கியத்தின் கட்டுக்கோப்பு. பற்றி, இழுத்து, திரும்பி, குனிந்து, தூக்கி எறிந்தான் என்று வினைகளைச் சங்கிலிபோற் கோத்துச் செல்வது தமிழின் இயல்பு. மற்போரை எழுத இதைவிடப் பொருத்தமான நடை வேண்டுவதில்லை. ஏனெனில் பிடி என்பதே ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் செயல்களின் கோவைதான். ஆயினும் அச்சங்கிலிக்கு ஒரு விதி உண்டு: தொடக்கம் முதல் முடிவு வரை அதைச் செய்கின்றவன் ஒருவனே. நடுவில் எதிரி ஏதேனும் செய்தால், அவ்விடத்தில் முற்றுப்புள்ளி வைத்து அவனுக்குப் புதிய வாக்கியம் ஒன்றைத் தர வேண்டும். நம் இளைஞர்கள் இருவர் செயலையும் ஒரே சங்கிலியில் மாட்டிவிடுவதனால்தான் “இடுப்பைப் பிடித்துத் திமிறி விழுந்து அமுக்கினான்” என்பன போன்ற தொடர்கள் பிறக்கின்றன. இதில் நான்கு வினைகள்; செய்தவர் எத்தனை பேர் என்பதை யாரே அறிவார்?

இம்மூன்றையும் கருத்திற்கொண்டு ஒரு பிடியை எழுதிப் பார்ப்போம். வடநாட்டு அகாடாக்களில் ‘தோபி பாட்’ என்று ஒரு பிடி உண்டு. துறைக்கல்லில் துணியை ஓங்கி அறைவது போன்று எதிரியைத் தோளின் மேலாகச் சுழற்றி அறைவது அது. ஜப்பானியரின் ஜூடோவிலும் இதையொத்த வீச்சு உள்ளது. முத்து, காளி என இருவரை வைத்துக்கொள்வோம்.

“காளி வலக்கையை நீட்டிப் பாய்ந்தான். முத்து பின்வாங்கவில்லை. நீண்டு வந்த மணிக்கட்டைத் தன் இடக்கையால் பற்றினான். தன் வலக்கையைக் காளியின் அக்குளுக்குக் கீழே கொடுத்து அவன் புயத்தை அணைத்தான். அணைத்த வேகத்திலேயே முதுகைக் காட்டித் திரும்பி, முழங்கால்களை மடக்கி, தன் இடுப்பைக் காளியின் இடுப்புக்குக் கீழே கொண்டு சென்றான். அடுத்த கணம் முழங்கால்கள் நிமிர்ந்தன, தலை தாழ்ந்தது. காளியின் பாதங்கள் மண்ணை விட்டு எழும்பின. முத்துவின் வலத்தோளின் மேலாக உருண்டு வந்து, முதுகு முழுவதும் படிய அவன் மண்ணில் விழுந்தான்.”

இதில் அரிய சொல் ஒன்றுமில்லை. ‘மின்னல் வேகத்தில்’, ‘புயலெனப் பாய்ந்து’ என்பன போன்ற அலங்காரமும் இல்லை. ஐந்து வினாக்களுக்கு மட்டும் விடை இருக்கின்றது. கை எங்கே பற்றியது? கால் எங்கே ஊன்றியது? எப்பக்கமாக வலிமை செலுத்தப்பட்டது? விழுந்தவன் உடம்பில் எப்பகுதி முதலில் தரையைத் தொட்டது? அதன் பின் அவன் நிலை யாது? இவ்வைந்தையும் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு, அப்பிடிக்குத் ‘துறைக்கல் வீச்சு’ என்றோ வேறு எவ்வாறோ ஒரு பெயர் சூட்டிவிட்டால், அடுத்த முறை பெயரைச் சொன்னாலே போதும். படிப்பவர் மீதியைத் தாமே கண்டுகொள்வார். ஆறு போட்டிகள் உள்ள கதையில் ஆறு முறையும் இதே விவரத்தை எழுதுவது, முன்னர்ச் சொன்ன புகைமூட்டத்துக்கு எதிர்ப்பக்கத்துக் குற்றமாகும்.

பெயர் எப்போது வர வேண்டும் என்பதற்குப் பாரதக் கதை நல்ல வழிகாட்டி. வீமனும் சராசந்தனும் நாட்கணக்காகப் பொருதனர். சராசந்தன் இரு கூறாகப் பிறந்து, சரை என்னும் அரக்கியால் ஒன்று சேர்க்கப்பட்டவன் என்பதைக் கதை சொல்வோர் போருக்கு முன்பே சொல்லி விடுகின்றனர். வீமன் அவனை இரண்டாகக் கிழித்தும் கூறுகள் மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன. கண்ணன் ஒரு புல்லையோ இலையையோ கிழித்து, இடம் வலம் மாற்றிப் போட்டுக் காட்டுகின்றான். வீமன் அவ்வாறே செய்ய, சராசந்தன் மடிகின்றான். முடிவான அந்தச் செயலுக்கு விளக்கமே தேவைப்படுவதில்லை. வேண்டியவை யாவும் முன்னரே சொல்லப்பட்டுவிட்டன. ஒரு முறை தோற்று மறுமுறை வெல்வதனால் அதன் அருமையும் விளங்குகின்றது. நம் கதையின் வீரனும் தன் சிறப்புப் பிடியை முதலில் பயிற்சியின்போது காட்டட்டும். இரண்டாம் முறை எதிரி அதனை முறியடிக்கட்டும். மூன்றாம் முறை ஒரு சிறு மாற்றத்தோடு அது வெல்லட்டும். இறுதிப் போட்டியின் நடுவில் போரை நிறுத்தி வைத்துவிட்டுப் பிடியின் இலக்கணத்தை விளக்கப் புகுவோன், பந்தி நடுவே இலையை எடுப்பவனுக்கு ஒப்பாவான்.

இவ்விடத்தில் ஒரு வினா எழும். “தொலைக்காட்சியில் காணும் பிடிகளுக்குத்தான் ஆங்கிலப் பெயர்கள் இருக்கின்றனவே! ஆர்.கே.ஓ. போட்டான் என்றால் என் நண்பர்கள் அனைவருக்கும் தெரியுமே!” என்று ஓர் இளைஞர் நம்மிடம் வாதிட்டார். நண்பர்களுக்குத் தெரியும், உண்மைதான். அவருடைய பாட்டனாருக்குத் தெரியுமா? அல்சூரிலும் சிவாஜி நகரிலும் சிறீராமபுரத்திலும் உள்ள நம் வீடுகளில் இன்று மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றனர். பாட்டனார் தாரா சிங்கையும் கிங் காங்கையும் அறிவார். 1968ஆம் ஆண்டு மே மாதம் பம்பாயில் லூ தெஸ் என்னும் அமெரிக்கரைத் தாரா சிங் வென்ற செய்தி அவருக்கு நினைவிருக்கும். பேரனோ அண்டர்டேக்கரையும் ராண்டி ஆர்ட்டனையும் அறிவான். இருவரும் விரும்புவது ஒரே கலையைத்தான். ஆனால் பேரன் எழுதிய கதையைப் பாட்டனார் படித்துப் பொருள் கொள்ள இயலாவிட்டால், இடையே இருந்த ஒரே பாலமும் அறுந்துவிடும். பிறகு பாட்டனார் தாம் கண்ட குஸ்தியைப் பேரனுக்குச் சொல்லவும் மாட்டார்.

ஆங்கிலப் பெயரை விலக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. பெயரைத் தமிழெழுத்தில் எழுதுக. ஆனால் பெயரோடு நின்றுவிடற்க. “எதிரிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அவன் தலையைத் தன் தோளின்மீது கையால் வளைத்து அணைத்து, அப்படியே எகிறித் தான் மல்லாந்து விழுந்தான், இழுபட்ட எதிரி முகம் குப்புற மேடையில் மோதினான். இதுவே ஆர்.கே.ஓ.” என்று எழுதினால் பேரனுக்கும் நிறைவு, பாட்டனாருக்கும் நிறைவு. கோதா, குஸ்தி, பயில்வான் என்னும் சொற்களும் வெளியிலிருந்து வந்தவைதாம். அவை நம் வாயில் பழகி, ‘கோதாவில் இறங்கிவிட்டான்’ என்று அரசியலுக்கும் வழக்காகிவிடவில்லையா? உடும்புப்பிடி, கிடுக்கிப்பிடி என்று நமக்கே உரிய பெயர்களும் உள்ளன. உடும்பு பற்றினால் விடாது. கிடுக்கி இரு பக்கமும் நெருக்கும். பெயரிலேயே பிடியின் தன்மை தெரிகின்றது. புதுப் பெயர் சூட்டுவோர் இவ்வழியைப் பின்பற்றுதல் நன்று.

அடுத்தது, எவ்வகை மற்போர் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். மண் குஸ்தியில் எதிரியின் முதுகைத் தரையில் படிய வைப்பதே வெற்றி. ஒலிம்பிக் முறையில் மெத்தைமேல் எதிரியின் இரு தோள்பட்டைகளையும் ஒருங்கே பதிய வைத்தால் அப்போதே வெற்றி. இன்றேல் புள்ளிக் கணக்கு. கட்டற்ற முறைப் போட்டியில் ஒருவர் 10 புள்ளி முந்திவிட்டால் ஆட்டம் முடிந்தது. தொலைக்காட்சியில் காணும் மேடைக் குஸ்தியிலோ நடுவர் தரையைத் தட்டி மூன்று எண்ணும் வரை அமுக்கிப் பிடிக்க வேண்டும், அல்லது எதிரி வலி பொறுக்காது ஒப்புக்கொள்ள வேண்டும்; அங்கு முடிவு முன்பே ஏற்பாடு செய்யப்பட்டது. முதல் பக்கத்தில் மண் குஸ்தியாகத் தொடங்கிய போட்டி நான்காம் பக்கத்தில் மூன்று எண்ணி முடிவதை நாம் கண்டிருக்கின்றோம். வெற்றியின் விதி தெரியாவிட்டால் வீரனுக்கு எப்போது ஆபத்து என்பதும் படிப்பவர்க்குத் தெரியாது.

“குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை” என்று தோல்வியை மறைப்பவனைப் பார்த்து நகைக்கின்றோம். ஆயினும் கோதாவின் விதிப்படி குப்புற விழுந்தவன் இன்னும் தோற்கவில்லை, மல்லாந்தவனே தோற்றவன். 1910ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இலண்டனில் நம் நாட்டுக் காமா பயில்வானும் போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவும் பொருதபோது இவ்வுண்மை விளங்கிற்று. கீழே தள்ளப்பட்ட ஸ்பிஸ்கோ எழுந்து நின்று போரிடாமல், ஏறத்தாழ மூன்று மணி நேரம் மெத்தையோடு மெத்தையாகக் கிடந்தே காலத்தைக் கடத்தினார். போட்டி முடிவின்றி நின்றது. 1928ஆம் ஆண்டு பட்டியாலாவில் மீண்டும் சந்தித்தனர். ஒரு நிமிடத்துக்குள் காமா வென்றார். கதை எழுதுவோர் இதில் காண வேண்டுவது ஒன்றுண்டு. கடிகாரத்தில் நீண்ட போட்டி கதையில் நீள வேண்டும் என்பதில்லை. மூன்று மணி நேரத்தை ஒரு வரியில் சொல்லலாம், ஒரு நிமிடத்தை ஒரு பக்கத்துக்கு விரிக்கலாம்.

நாம் வாழும் இந்நாட்டிலேயே பார்க்க வேண்டியவை பல. கன்னடத்தில் ‘கரடி மனை’ என்பதும் பழந்தமிழ் வழக்கில் ‘கரடிக்கூடம்’ என்பதும் ஒன்றே; இரண்டிலும் விலங்கு எதுவும் இல்லை, தண்டாலும் கரலாக்கட்டையுமே உண்டு. குஸ்திப் பிடியைக் கன்னடத்தார் ‘பட்டு’ என்பர். 12ஆம் நூற்றாண்டில் கல்யாணத்திலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன், தன் ‘மானசோல்லாசம்’ என்னும் வடமொழி நூலில் மல்லர்களின் வகை, உணவு, பயிற்சி, பிடிகள் ஆகியவற்றை விரித்து எழுதியிருக்கின்றான். அரசனாயினும் இக்கலையை எழுத்தில் வைப்பது தனக்குத் தகாது என்று அவன் கருதவில்லை. மைசூருவில் விசயதசமியன்று அரண்மனை முற்றத்தில் ஜட்டிகள் வச்சிரமுட்டி ஏந்திப் பொருவர். பெங்களூரு, சென்னபட்டணம், சாமராசநகர் முதலிய ஊர்களிலிருந்தும் ஜட்டிகள் அங்குச் செல்வதுண்டு. ஒருவர் தலையில் குருதி துளிர்த்ததும் போர் நிறுத்தப்படும். சில கணங்களே நிகழும் அதற்காக ஆயிரம் கண்கள் காத்திருக்கின்றன.

மைசூரு அரசர் ரணதீர கண்டீரவ நரசராச உடையார் மாறுவேடத்தில் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று, அங்கே செருக்குற்றிருந்த வீரன் ஒருவனை வென்று வந்தார் என்று ஒரு கதை இப்பக்கத்தில் வழங்குகின்றது. 1960ஆம் ஆண்டில் ராஜ்குமார் அவ்வரசராக நடித்த படமும் வெளிவந்தது. காவிரியின் மேற்கரையில் ஒரு முனையும் கீழ்க்கரையில் ஒரு முனையும் உள்ள இக்கதையைத் தமிழ்ப் பிள்ளை ஒருவர் இரு பக்கத்தையும் மதித்து எழுதினால் எவ்வளவு சுவையாக இருக்கும்! தோற்ற வீரனுக்கும் ஒரு வீடு, ஒரு தாய், ஒரு சிறப்புப் பிடி இருந்திருக்குமன்றோ?

சிறப்புப் பிடி என்பது வீரனின் உடம்பிலிருந்தும் வாழ்விலிருந்தும் பிறக்க வேண்டும். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற கே. டி. ஜாதவ் உயரத்தில் சிறியவர். எதிரியின் தலையைக் கையால் வளைத்து இறுக்கி வீசும் ‘டாக்’ என்னும் பிடியில் பெயர் பெற்றவர். 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் யோகேசுவர் தத் வட கொரிய வீரரின் கணுக்கால்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிப் பிடித்து, அவரைத் திரும்பத் திரும்ப உருட்டிப் புள்ளி மேல் புள்ளி சேர்த்து வெண்கலம் பெற்றார். அப்போது அவருடைய ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. பார்வை குறைந்தவனுக்கும் கைப்பிடி துணை நிற்கும் என்பதை எந்தக் கதாசிரியனும் இதைவிட நன்றாகப் புனைய முடியாது. ஆகவே, “அவன் அஞ்சத்தக்க பிடி ஒன்றை அறிந்திருந்தான்” என்று எழுதுவதற்கு முன், மூட்டை தூக்கிய தோளா, ஏர் பிடித்த மணிக்கட்டா, மாடியேறிப் பால் ஊற்றிய கெண்டைக்காலா, எது அப்பிடிக்கு வலிமை தந்தது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தெளிவு என்பது சுவைக்காக மட்டும் வேண்டப்படுவதன்று. அதில் பொறுப்பும் உண்டு. அண்டர்டேக்கர் எதிரியைத் தலைகீழாகத் தூக்கி, மார்போடு அணைத்து, முழங்காலில் விழும் பிடியை நம் பிள்ளைகள் நன்கு அறிவர். விழுவோனின் தலை, தூக்கியவனின் முழங்கால் மட்டத்துக்குக் கீழே இறங்காமல் இருப்பதில்தான் அவன் உயிர் அடங்கியிருக்கின்றது. 1997ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் ஓவன் ஹார்ட் என்பவர் ஸ்டீவ் ஆஸ்டினை இவ்வாறு தலைகீழாகப் பிடித்து, முழங்காலில் விழாமல் உட்கார்ந்தபடி விழுந்தார். ஆஸ்டினின் தலை நேரே மேடையில் மோதிற்று. கழுத்து பழுதுற்றுச் சிறிது நேரம் கைகால் அசைக்க இயலாது கிடந்தார். ஒத்திகை பார்த்துச் செய்யும் தேர்ந்த வீரர்களுக்கே இக்கதி. மாடி வீட்டுக் கூடத்தில் மெத்தையை விரித்துத் தம்பியைத் தலைகீழாகத் தூக்கும் அண்ணன்மார் நம் வீடுகளில் இல்லாமல் இல்லை. இத்தகைய பிடியை எழுதுவோர் அதன் வலியையும் எழுதுக. “தூக்கி அடித்தான், அவன் எழுந்து சிரித்தான்” என்று எழுதுவது பொய். கழுத்து எத்தகைய உறுப்பு என்பதை உணர்த்தும் ஒரு வரி, பத்து அறிவுரைகளைக் காட்டிலும் நன்றாகப் பிள்ளைகளைக் காக்கும்.

கடைசியாக ஒரு சோதனை சொல்கின்றோம். எழுதிய பகுதியை வீட்டில் இருவரிடம் கொடுத்து, மெல்ல, ஒருவரையொருவர் தூக்காமலும் தள்ளாமலும், எழுதியபடி கைகளை வைத்து நிற்கச் சொல்லுக. எழுத்தில் இல்லாத எதையும் அவர்கள் தாமாகச் சேர்த்தல் ஆகாது. எந்த வரியில் அவர்கள் “இப்போது எந்தக் கை?” என்று கேட்கின்றனரோ அந்த வரியைத் திருத்துக. பிறகு, தொலைக்காட்சிக் குஸ்தியையே பார்த்திராத பெரியவர் ஒருவர்க்கு அதைப் படித்துக் காட்டுக. அவர் இடையில் நிறுத்தி, “மேலே இருப்பவன் யார்?” என்று கேட்டால் இன்னும் வேலை இருக்கின்றது என்று பொருள். “ஐயோ, அந்தப் பிள்ளைக்கு முதுகில் அடிபட்டதா?” என்று கேட்டால் கதை கரையேறிவிட்டது.

அவ்வாறு திருத்திய கதைகளை நம் பிள்ளைகள் இப்பகுதிக்கு அனுப்புவார்களாக. பெரியவர்களும் தாம் இளமையில் கண்ட கோதாவையும், கேட்ட பிடிகளின் பெயர்களையும் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவிப்பார்களாக. நல்லவற்றை அடுத்த திங்களில் இப்பக்கத்திலேயே காண்போம்.